இரண்டாவது பொத்தான்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவருக்கு. அதனால் தெருவில் அவர் கண்ணாடிக்காரர். அவர் மனைவிக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாமல் பேசிச் சம்பாதித்தது. கடைக்குப் போனாலும் அவரை விடமாட்டாள். "சாப்டீங்களா?", "மழை வர்ற மாதிரி இருக்கே", "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று போன் அடித்துக்கொண்டே இருக்கும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

பக்கவாதம் வந்து அந்த ரேடியோ நின்றது. பேச்சு போயிற்று, வலது கை விழுந்துவிட்டது, போனில் எழுத்தைப் பார்த்தாலும் எதுவும் பிடிபடவில்லை. பகலெல்லாம் தனியாக இருப்பவள் கீழே விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்போடு லென்ஸ் தேய்த்துத் தேய்த்தே மனுஷர் பாதியாகிப்போனார்.

வைஃபை உள்ள சின்ன எலக்ட்ரானிக் போர்டு ஒன்றில் பொத்தானை இணைத்து அமுக்கினால் போனுக்குச் செய்தி வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தார். வாங்கி வந்து, வீட்டில் கிடந்த வயரால் பழைய லேப்டாப்பில் செருகினார். போர்டில் விளக்கு எரிந்தது. லேப்டாப்போ அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை. வீடியோக்காரன் "ரொம்ப ஈஸி" என்று சிரிக்கிறான். அவனுக்கென்ன, நாளெல்லாம் நின்று காலா வீங்கியிருக்கிறது! அலுத்துப்போய் மொபைல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"போர்டு நல்லாத்தான் சார் இருக்கு," என்றார் மொபைல் கடைக்காரர். "இது வெறும் சார்ஜர் வயர். கரண்டு போகும், பேச்சு போகாது."

கண்ணாடிக்காரர் வேறு வயர் வாங்கிக்கொண்டு வந்தார்.

வீடியோவில் முதல் பாடம், போர்டில் உள்ள விளக்கைச் சிமிட்ட வைப்பது. சிமிட்டியதும் பெருமையாக மனைவியைப் பார்த்தார். இதற்கா இவ்வளவு பாடு என்பதுபோல அவள் இடது கையால் நெற்றியில் தட்டிக்கொண்டாள். வைஃபை பாஸ்வேர்டில் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டதில் இன்னொரு ஞாயிறு நாசமாயிற்று. ஒருவழியாகக் கட்டிலின் இடப்பக்கம் சிவப்புப் பொத்தானைப் பொருத்தினார். அமுக்கினால் அவர் போனில் "வா" என்று வரும்.

மறுநாளே வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். மூச்சிரைக்க மாடியேறிக் கதவைத் திறந்தால், அவள் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்கிறாள். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அடிச்சு பிடிச்சு ஓடி வர்றேன், முடியல எனக்கு. விழுந்தா, வலிச்சா மட்டும் அமுக்கு. சும்மா சும்மா அமுக்காத, புரியுதா?"

அவள் தலையாட்டினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதோடு செய்தி நின்றது. நிம்மதியாக வேலை பார்க்க வேண்டியதுதானே? முடியவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்ததில் ஒரு லென்ஸ் விளிம்பில் உடைந்தது. வீட்டுக்குப் போனால் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் எந்தக் காலத்தில் அவரை வரச்சொல்லி போன் செய்தாள்? தப்பு அவள் அமுக்கியதில் இல்லை, அவர் எழுதி வைத்த சொல்லில்தான்.

அந்த ஞாயிறு பக்கத்திலேயே ஒரு வெள்ளைப் பொத்தானைப் பொருத்தினார்.

"சிவப்பு அவசரத்துக்கு. இது எப்ப வேணா அமுக்கிக்கோ. நான் ஓடி வரமாட்டேன், ஆனா பாத்துக்கிட்டே இருப்பேன்."

மறுநாள் கடை திறந்ததுமே சட்டைப்பை அதிர்ந்தது. திரையில் ஒரே சொல்: சும்மா. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். மதியத்துக்குள் திரை முழுக்கச் சும்மா, சும்மா, சும்மா.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "மறுபடி ஆரம்பிச்சாச்சா?"

"ஆமாங்க," என்றார் கண்ணாடிக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆரம்பிச்சிட்டா."