அச்சாரம் என்று நினைத்து வாங்கிய மில் சீட்டு

எங்கள் பக்கம் சந்தையில் மாட்டுக்கு அச்சாரம் கொடுத்தால் அது விலையில் கழியும். அந்த நினைப்பில்தான் ஒரு தரகரிடம் புது மில்லின் உரிமைச் சீட்டைப் பத்து ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு வருஷத்துக்குள் அதைக் காட்டினால் நூறு ரூபாய்க்கு ஒரு ஷேர் தருவார்களாம்.

கெடு முடிய இரண்டே நாள் இருக்கும்போது, பருத்தி விற்ற பணத்தோடு கோயமுத்தூர் மில் ஆபீசுக்குப் போனேன். வெளியில் தொண்ணூற்றைந்து விற்கிற ஷேர் எனக்குத் தொண்ணூறுதான் என்ற குஷியில் பணத்தை எண்ணி வைத்தேன். குமாஸ்தா சிரித்தார்.

"முழுசா நூறு வேணுமுங்க அம்மணி. சீட்டுக் காசு கழியாதுங்க."

"அப்ப எனக்கு நூத்திப்பத்து ஆகுதுங்களே!"

"இப்ப வாங்காம உட்டா அந்தப் பத்தும் வீணாப் போயிருமுங்க."

"போனது போச்சுங்க. அதுக்காக இன்னும் அஞ்சு ரூவாயச் சேத்தித் தொலைக்கோணுமுங்களா?"

சீட்டை அவர் மேஜையிலேயே போட்டுவிட்டு, வெளியில் தொண்ணூற்றைந்துக்கே ஷேர் வாங்கினேன்.

இப்போதெல்லாம் சீட்டு விலையையும் கட்டவேண்டிய விலையையும் கூட்டி, அன்றைய ஷேர் விலையோடு ஒப்பிட்ட பிறகுதான் பேச்சே. போன வாரம் அதே தரகர் புதுச் சீட்டோடு வந்தார்.

"இது விலையில கழியுமுங்களா?" என்றேன்.

ஊற்றி வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

— ஒரு வாசகி, பெரியநாயக்கன்பாளையம்