வாழை சிக்கிய மிஷின்

மழைக்கு விழுந்த கிளைகளைத் தூளாக்க எங்கள் அபார்ட்மெண்டுக்குப் போன வாரம் ஒரு சின்ன டிராக்டர் வந்தது. பின்னால் சிப்பர் மாட்டியிருந்தார்கள். மகன் கீழே போய்ப் பார்க்க வேண்டும் என்று அழுதான். பால்கனியிலிருந்து பார்த்தால் போதும் என்றேன். பிறகு தூள் கண்ணில் விழுமோ என்று கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு, பிள்ளையைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறேனோ என்று மறுபடி திறந்தேன். அதற்குள் அவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அந்த மிஷினை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். சித்தப்பாவிடம் ஒன்று இருந்தது. அப்போது எனக்கு எட்டு வயதா ஒன்பதா என்று அம்மாவைக் கேட்டால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். கேட்டால் எதற்கு என்று கேட்பாள். அதனால் எட்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

சித்தப்பா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புல் வெட்டவும் உரம் இழுக்கவும் வைத்திருந்த சின்ன டிராக்டரை அந்தக் கம்பெனி கழித்துவிட்டபோது, அதையும் அதோடு சேர்ந்த சிப்பரையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டார். சிப்பருக்கு ஒரு பக்கம் புனல் மாதிரி வாய். அதில் கிளையைச் செருகினால் உள்ளே சுழலும் கத்தி உருளை அதை இழுத்து அரைத்து, மறுபக்கக் குழாய் வழியாகத் துப்பும். அதற்கென்று தனி இன்ஜின் கிடையாது. டிராக்டர் ஓடினால் அதுவும் ஓடும். இரண்டையும் பிரித்துவைக்க ஒரு லிவர் இருந்தது. ஆனால் வாங்கிய நாளிலிருந்தே அந்த லிவர் வைத்த இடத்தில் நிற்காது.

அப்பா பொம்மசந்திராவில் ஒரு பாக்டரியில் சூப்பர்வைசர். அங்கே மரம், செடி, குப்பை எல்லாவற்றையும் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் மேனேஜரிடம் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னார். அந்த வேலை கிடைத்தால் சித்தப்பா தலைநிமிர்ந்துவிடுவார், இல்லையென்றால் டிராக்டரை விற்றுவிட்டு மறுபடி யாரிடமாவது போய் நிற்க வேண்டும். வீட்டில் கொஞ்ச நாளாக இதே பேச்சுதான். ஆயுத பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, வந்து வேலையைக் காட்டச் சொல்லுங்கள் என்றார் மேனேஜர்.

நாங்கள் எல்லோரும் போனோம். அம்மா எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். டிராக்டரின் முன்னால் பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பாக்டரிக்குள் போகும் வழியில் பாதியை அடைத்துக்கொண்டு வெட்டிய கிளைகளும் தென்னை மட்டைகளும் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், பூஜைக்காக வாசலிலும் ஒவ்வொரு மிஷினிலும் கட்டி, பிறகு அவிழ்த்துப் போட்ட வாழை மரங்கள் ஒரு குவியல். மூன்று மணிக்குக் கண்டெய்னர் லாரி வரும், அதற்குள் வழி விட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டு ஆபீஸ் படியில் நின்றுகொண்டார்.

கிளைகள் போன வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சித்தப்பா செருகுவார், உறுமல் கேட்கும், மறுபக்கம் தூள் பறக்கும். லீவிலும் வேலைக்கு வந்திருந்த ஆட்கள் வட்டமாக நின்று பார்த்தார்கள். தென்னை மட்டைகளும் போயின. மேனேஜரே நாலு படி இறங்கி வந்து, "பரவாகில்ல கண்ரீ" என்று கன்னடத்தில் பாராட்டினார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இதையும் உட்டுருடா" என்று வாழைக் குவியலைக் காட்டினார்.

"ஈரமா இருக்குண்ணா. கைல எடுத்து ஓரமா போட்டுரலாம்."

"தென்ன மட்டையே போவுது, வாழத்தண்டு போவாதா? சார் பாத்துட்டு இருக்காருடா."

அப்பா கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தம்பிக்கு நல்லது நடக்க வேண்டும் என்று அந்த இடத்தில் எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவர் அவர்தான்.

முதல் மரம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது பாதியில் உறுமல் முனகலாக மாறியது. ரப்பர் எரிகிற நாற்றம் வந்தது. டிராக்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. எட்டிப் பார்த்தால், பூ கட்டுகிற நார் இருக்கிறதே, அதேதான், உருளை முழுக்க நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

சித்தப்பா மேல் மூடியைக் கழற்றினார். ஒரு நீளக் கம்பியை எடுத்துத் தள்ளி நின்றபடி குத்தினார். நார் அசையவில்லை. அப்பா டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்றேன். தானா பிச்சிக்கினு வந்துரும்."

"இருண்ணா."

"லேசா உட்டாப் போதும்டா."

"இருண்ணா, சொல்றேன் இல்ல."

அதற்குள் லாரி வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது. மேனேஜர் படியிலிருந்து, "ஏன்ரீ, ஆயித்தா?" என்று, முடிந்ததா என்று கேட்டுக் கத்தினார். "ஆயித்து சார், ஐது நிமிஷா" என்று அப்பாவும் ஐந்து நிமிஷம் கேட்டுக் கத்தினார். ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அப்பாவின் கை சாவிப் பக்கம் போயிற்று. சித்தப்பா கம்பியைப் பின்னுக்கு இழுத்தார். அப்பா கையை எடுத்ததும் மறுபடி குத்தினார். கம்பி நாரில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

அம்மா வேப்ப மரத்தடியில் சாப்பாட்டுப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அப்பாவின் காலடிக்குப் பக்கத்தில் நின்று, கையை நீட்டி, சாவியை உருவி எடுத்தாள்.

"முடிஞ்சதும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

"ஏய், எங்க போற? சாவியக் குடுத்துட்டுப் போ!"

அம்மா திரும்பவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, லாரிக்காரரின் ஹாரனையும் தாண்டி, கேட் பக்கம் வாட்ச்மேன் ரூம் வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வூட்டு பீரோ சாவின்னு நெனச்சிட்டாங்க போல" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டு என்னை அனுப்பினார்.

நான் ஓடினேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது.

"அப்பா சாவி கேக்கறாரும்மா."

"கேக்கட்டும்."

"லாரி நிக்குதும்மா."

"நிக்கட்டும்."

"சித்தப்பாவுக்கு வேல கிடைக்காதும்மா."

அம்மா மிஷின் இருந்த பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பிறகு, "சித்தப்பா கை வெளிய இருக்கா, உள்ள இருக்கா, பாரு" என்றாள்.

பார்த்தேன். சித்தப்பா கம்பியைத் தூரமாக வீசிவிட்டிருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு கையில் அரிவாளோடு, இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலேயே உள்ளே விட்டிருந்தார். தலையும் பாதி உள்ளே போயிருந்தது. சீப்பில் சிக்கிய முடியை எடுப்பது போலக் கொத்துக் கொத்தாக நாரை அறுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள இருக்கு."

"அப்ப இங்கயே உக்காரு."

லாரி ஓட்டுநர் இறங்கி வந்து அம்மாவைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்காராமல் இரண்டடி தள்ளி நின்றேன், யாரும் சேர்த்துப் பார்க்காதபடி.

ஒருவழியாக, "அண்ணி! ஆச்சு!" என்று சித்தப்பாவின் குரல் கேட்டது.

அம்மா எழுந்து பாதி தூரம் போனாள். அங்கேயே நின்றாள்.

"மூடி போட்டாச்சா தம்பி?"

"போட்டாச்சு அண்ணி."

"தள்ளி வா. கையக் காட்டு."

சித்தப்பா மிஷினை விட்டு விலகி வந்து, வாழைக் கறை பிடித்துக் கறுத்திருந்த இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த பையன் மாதிரி. ஆட்கள் கைதட்டினார்கள். மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மா கிட்டே போய், நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கையைத் தாண்டி, சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள்.

மீதி வாழை மரங்களை ஆட்களே இழுத்து ஓரமாகப் போட்டார்கள். லாரி உள்ளே போனது. மேனேஜர் அப்பாவிடம், "நோடோணா" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அடுத்த வாரம் அந்த வேலை அரிவாளும் டெம்போவும் வைத்திருந்த வேறொருவருக்குப் போயிற்று.

அப்பா சில நாள் அம்மாவோடு பேசவில்லை. நானும் அப்பா கட்சியில் சேர்ந்துகொண்டேன். ஆனால் அன்று சாயங்காலமே சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு பேர் முன்னால் கையைத் தூக்கவைத்தவளிடம் எப்படி ரசம் கேட்க முடிகிறது என்று எனக்குச் சித்தப்பா மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிற பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் அம்மா பயந்தாங்கொள்ளி, சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்றேன். ஆனால் எங்கள் சித்தப்பா அப்படி இல்லை என்றும் சொன்னேன். அதுவரை தள்ளி நின்று கம்பியால் குத்திக்கொண்டிருந்தவர், அம்மா அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், வந்த கோபத்தில் கம்பியை வீசிவிட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டுவிட்டார், கோபம் வந்தால் எங்கள் சித்தப்பாவுக்குப் பயமே கிடையாது என்றேன்.