வெயிலில் வெளுத்த சிவப்பு

பழுகாமத்து மேனுகா இரசாயனவியல் படித்துப் பட்டம் எடுத்தவள். வயது முப்பதைத் தாண்டியும் நிரந்தர வேலை இல்லை. டியூஷன் கொடுப்பாள், அறுவடைக் காலத்தில் தகப்பனோடு வயல் வட்டையில் நிற்பாள். நான் அந்த வீட்டுக்குப் போனது அவளுடைய தாய் புஸ்பத்தைப் பராமரிக்க. பாரிசவாதத்தில் புஸ்பத்துக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை.

நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஆய்வுகூடப் போதனாசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை வந்தது. வருகிற எல்லாரும் ஒரே பரிசோதனையைச் செய்து காட்ட வேண்டும். கிடைத்தால் மேனுகா வீட்டில் இருந்தே போய் வரலாம். கிடைக்காவிட்டால் கொழும்பில் ஒரு மருந்துக் கடை. தாயை விட்டுப் போக வேண்டும்.

நேர்முகத்துக்கு முதல் நாள் குசினி மேசையில் ஒத்திகை பார்த்தாள். ஒரு போத்தலில் மஞ்சள் கரைசல். மற்றதில் தண்ணீர்போல நிறமே இல்லை. சேர்த்தாள், நல்ல சிவப்பு.

"சாயம் போட்டயா மனே?" என்றேன்.

"இல்ல அன்ரி. ரெண்டு மூலக்கூறும் பக்கத்துல போய் ஒட்டிக் கொள்ளும். ஒண்டுக்கு இலத்திரன் குடுக்க ஏலும், மற்றதுக்கு வாங்க ஆசை. வெளிச்சம் பட்டா இலத்திரன் அங்கால பாயும். அதுக்காகப் பச்சை வெளிச்சத்த விழுங்கும். மிச்சம்தான் இந்தச் சிவப்பு."

"அப்ப ரெண்டும் கலியாணம் முடிச்சிட்டு," என்றாள் புஸ்பம்.

"இல்லம்மா, சும்மா பழக்கம். லேசாப் பிரியும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை, பின்னேரம்தான் நேர்முகம். மேனுகா உச்சி வெயிலுக்கு முன், பத்தரைக்கே புறப்படப் பார்த்தாள். தானும் வருவேன் என்று அடம்பிடித்த புஸ்பம், நேரம் சரியில்லை, ராகுகாலம் கழியட்டும் என்றாள். ஆகவே உச்சி வெயிலில்தான் ஓட்டோ ஏறினோம். சக்கர நாற்காலி இடத்தை அடைத்ததால் போத்தல்களைப் பின் இருக்கைக்குப் பின்னால், எஞ்சினுக்கு மேலே வைத்தாள். அந்தத் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது.

ஆய்வுகூட வாசலில் நானும் புஸ்பமும் இருந்தோம். உள்ளே மூன்று பேராசிரியர்கள். மேனுகா இரண்டையும் ஒரு கண்ணாடிக் குழாயில் கலந்தாள். சிவப்பு வரவில்லை, வெளுத்த செம்மஞ்சள்தான் வந்தது.

"இதுதானா சிவப்பு?" என்றார் ஒருவர்.

மேனுகா போத்தலைத் தொட்டுப் பார்த்தாள், சுட்டது. வாசல் பக்கம் திரும்பினாள். "அன்ரி, ஐஸ்!"

கேற்றடிக்கு ஓடினேன். அங்கே மீன் வியாபாரி மஜீட்டின் ஐஸ் நிரம்பிய ரெஜிபோம் பெட்டி திறந்திருந்தது.

"மஜீட் தம்பி, ஐஸ் கொஞ்சம் அள்ளுறன்."

"ஆருக்கும் காய்ச்சலா அக்கா?"

"போத்தலுக்கு."

அவர் சிரித்துக்கொண்டே என் சாப்பாட்டுப் பெட்டி நிறைய அள்ளிப் போட்டார். கொஞ்சம் செதிலும் ஒட்டியிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்; குழாயை அதில் குத்தி வைத்தாள் மேனுகா. கண் முன்னே நிறம் ஏறி, நன்றாகச் சிவந்தது. வெளியே எடுத்துக் கையால் பொத்திப் பிடித்தாள், மெல்ல வெளுத்தது. திரும்ப ஐஸ், திரும்பச் சிவப்பு.

"புதுப் பொருள் ஒண்டு உண்டாகியிருந்தா இப்பிடிப் போய்ப் போய் வராது, சேர்," என்றாள். "சூட்டில பிரியும், குளிரில சேரும். நிறம் சோடிக்குத்தான் சொந்தம், தனிய நிக்கிறதுக்கு இல்ல."

கேள்வி கேட்டவர் தானே குழாயை வாங்கி ஐஸில் குத்தி எடுத்தார், இரண்டு தரம். விரலை முகர்ந்துவிட்டு முகம் சுளித்தார். "மற்ற ஆக்கள் ஒருதரும் சூட்டையும் குளிரையும் காட்டேல்ல. ஒண்டாம் திகதி வந்து வேலையைப் பாரமெடுங்க. மீன் வாசம் இல்லாத ஐஸ் நாங்க தருவம்."

திரும்பும்போது புஸ்பத்தின் வாய் மூடவே இல்லை. "நான் ராகுகாலம் பார்க்காட்டி உனக்கு அந்த வெயில் கிடைச்சிருக்குமா?"

 மேனுகா இந்த முறை போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டாள்.