முதல் வாய் சோறு

என் மேசை ஓரத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கி, மூடி சேராமல் கோணிக்கொண்டு நிற்கும். கல்யாணச் சீராக வந்தது போலிருக்கிறது, அடியில் ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதில் பேனா போட்டு வைக்கப் பார்ப்பார்கள், நான் விடுவதில்லை. மேடத்தின் தாடையை உடைத்த தூக்கு அது.

மேடம் என்றால், தென்சென்னையின் அரசு போதை மீட்பு மையங்களை எனக்கு முன்பு மேற்பார்வை செய்தவர். நான் அப்போது அடையாறு பக்கத்து மையம் ஒன்றில் ஆலோசகர். பெயரைக் கேட்டு, நாற்காலியில் சாய்ந்து தலையாட்டும் வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குடியை நிறுத்திய உடம்பு முதல் சில நாட்கள் ஆடும் ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சுவரில் பாம்பு ஊர்கிறது என்று அலறி, அந்தச் சுவரிலேயே மண்டையை மோதிக்கொள்வார்கள். தங்கமான மனிதர் ஒருவர் என் மணிக்கட்டைக் கடித்த தழும்பு இன்னும் மறையவில்லை. இருந்தாலும் யாரையும் கட்டிப்போடக் கூடாது, கை ஓங்கக் கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பு. ஈரத் துண்டை முறுக்கி ஒரு நோயாளியை விளாசிய ஊழியரை, அந்தத் துண்டை அவர் தோளிலேயே போட்டு அன்றைக்கே வெளியே அனுப்பினார்.

அவர் கொண்டுவந்த இன்னொரு பழக்கம் முதல் வாய். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறவர், நோயாளியின் எதிரில் உட்கார்ந்து முதல் வாயைத் தானே சாப்பிட்டுக் காட்ட வேண்டும். குடித்தால் உடம்பைப் புரட்டிப் போடும் மாத்திரை ஒன்று உண்டு. ஆளிடம் விளக்கி, சம்மதம் வாங்கி, மருத்துவர் கொடுக்க வேண்டிய மருந்து. நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? யாரையோ பிடித்து வாங்கி, பொடித்து, குழம்பில் கலந்துவிடுவார்கள். தின்றது தெரியாமல் அவன் போய்க் குடிப்பான், நெஞ்சை அடைக்கும். ஆனால் குடிக்காதவர்களை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாதே, பிறகு இந்த முதல் வாயினால் என்ன தெரியும் என்று மேடத்திடம் கேட்டேன்.

"கலந்தவளால அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சாப்பிட முடியாது. முழுங்கும்போதே தெரிஞ்சிடும்" என்றார்.

கடற்கரைக் குப்பத்துப் படகுக்காரன் ஒருவன் தானாகவே வந்து சேர்ந்தான். அவன் மனைவி தினமும் அந்தத் தூக்கில் மீன் குழம்பு கொண்டுவந்து, தயங்காமல் முதல் வாய் சாப்பிட்டவள். தேறி வீட்டுக்குப் போனான். அது மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக முடியாது, பொழுது போகாது, கூட்டாளிகள் கூப்பிட்டபடி இருந்தார்கள். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மையத்தில் இருந்தவரை செய்யாததை வீட்டில் செய்துவிட்டாள். ஒரு கல்யாணத்தில் அவன் குடித்தான். முகம் செக்கச்செவேலாகி, மூச்சுத் திணறி மணலில் விழுந்தான்.

அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள், மிச்சக் குழம்போடு தூக்கை எடுத்துக்கொண்டு நேரே எங்களிடம் ஓடிவந்தாள். இதில்தான் கலந்தேன், பிழைப்பாரா என்று மேடத்தின் காதோடு கேட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. மேடம் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு மாத்திரையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசல் கண்ணாடி நொறுங்கியது. படகுக்காரனின் அண்ணன், பின்னால் ஏழெட்டுப் பேர், கையில் இரும்புக் குழாய்கள். இது ஏதோ மாத்திரை வேலை என்று ஆஸ்பத்திரியில் சொல்லக் கேட்டு வந்திருந்தார்கள். தடுக்கப் போன காவலாளியின் மண்டை பிளந்தது. என்னைச் சட்டையைப் பிடித்துச் சுவரில் அறைந்தார்கள்.

"என் தம்பிக்கு மாத்திரை குட்த்தது எவன்? சொல்லாம ஒருத்தன் உசுரோட வெளிய போவ மாட்டீங்க" என்றான் அண்ணன். பிறகு அவளைப் பார்த்தான். "இல்ல, நீயாடி?" அவள் கூந்தல் அவன் கைக்குள் போய்விட்டது. அவள் தலையைச் சுவரை நோக்கி இழுத்தான்.

"நான்தான் குடுத்தேன். அவள விடு" என்றார் மேடம்.

அவள் கையிலிருந்த தூக்கைப் பிடுங்கி மேடத்தின் முகத்தில் வீசினான். எலும்பு முறிகிற சத்தம் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. விழுந்தவரை மறுபடியும் அடித்தான். குழம்பும் ரத்தமும் கலந்து தரையில் ஓடின. போலீஸ் வரும்வரை அவரை மிதித்தார்கள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். விசாரணையிலும் மேடம் தான் சொன்னதை மாற்றவில்லை. நான் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று ஆஸ்பத்திரியில் கத்தினேன். கம்பி வைத்துக் கட்டிய பற்களுக்கு நடுவிலிருந்து பேசினார்: "நீ சொல்லிட்டு உன் வீட்டுக்குப் போயிடுவ. அவ அந்த வீட்டுக்குத்தான் போகணும்." சம்மதமில்லாமல் மருந்து கொடுத்தவர் என்ற பெயரோடு, ஆள் வராத ஏதோ ஒரு பிரிவுக்கு மாற்றப்பட்டு, அங்கேயே ஓய்வு பெற்றார். அண்ணன்மேல் வந்ததைவிட மேடத்தின்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். எங்கள் எல்லோரையும் பொய்யர்களாக்கிவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் அந்தப் படகுக்காரன் மனைவியோடு என்னைப் பார்க்க வந்தான். அதற்குப் பிறகு அவன் குடித்ததே இல்லை. அண்ணன் செத்துப்போனதும் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். மேடத்தின் காலில் விழ வேண்டும் என்றான். மந்தைவெளியில் அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

புதுத் தூக்கில் குழம்பு கொண்டுவந்திருந்தாள். சோறு போட்டு, முள் எடுத்து, கேட்காமலேயே முதல் வாயை எடுத்தாள். அவள் வாய் விரலளவுக்குமேல் திறக்கவில்லை. சோற்றைப் பிட்டுப் பிட்டு உள்ளே தள்ளினாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேடத்துக்குத் தெரியாமல் இருக்குமா, தாடை உடைந்ததிலிருந்து அவரும் அப்படித்தானே இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார்.

"எப்ப அடிச்ச?" என்று அவனைக் கேட்டார்.

அவன் தலை குனிந்தான். அவள்தான் சொன்னாள்: "நான் உண்மைய சொன்ன அன்னிக்கு."

"குடிச்சிருந்தியா?"

"சத்தியமா இல்ல மேடம். தொட்டே பல வருசம் ஆவுது."

மேடம் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். அவளை மட்டும் அங்கேயே தங்கச் சொன்னார். அவள் தங்கிவிட்டாள், இன்னும் திரும்பிப் போகவில்லை.

அவன் இப்போது வாரம் தவறாமல் என் அறைக்கு வருகிறான். வராவிட்டால் அவளைப் பார்க்க முடியாது என்பது மேடம் போட்ட நிபந்தனை. "நாந்தான் குடிக்கிறதில்லயே, இங்க இன்னாத்துக்கு வரணும்?" என்று முதல் நாள் கேட்டான். நசுங்கிய தூக்கை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் அதைக் கவிழ்த்து, அடியில் வெட்டியிருந்த மனைவியின் பெயரைப் படித்தான். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, நான் போகச் சொல்லும்வரை உட்கார்ந்திருந்தான்.