செவலைக் கரடி மரம் ஏறாது

செவலைக் கரடி மரம் ஏறாது என்று நான் நம்பியிருந்தேன். ராஜபாளையத்தில் என் மிக்சி ரிப்பேர் கடையில் உட்கார்ந்து, வெளிநாட்டுக் கரடி வேட்டை வீடியோக்கள் பார்த்துப் பெற்ற ஞானம் அது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் துப்பாக்கியோடு நின்று, கறுப்பு, பழுப்பு, இலவங்கப்பட்டை நிறம் என்று கரடிகளை விதவிதமாகக் காட்டுவார். கடைக்கு ஆள் வந்துபோவதால் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். அவர் பேசியதை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். மாட்டில் கறுப்பு காரி, சிவப்பு செவலை என்று இருப்பதுபோல் கரடியிலும் ரகம் உண்டு, காரி ஏறும், செவலை ஏறாது.

இந்த ஞானத்தோடு போன மாம்பழ சீசனில் மச்சானின் தோப்புக்குப் போனேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அய்யனார் கோவில் போகிற வழியில், மலையை ஒட்டிய தோப்பு. அப்போதுதான் விடிந்திருந்தது. கரண்ட் இல்லை. அது வந்ததும் மோட்டார் தானாக ஓடும்படி ஆட்டோ சுவிட்சைப் போட்டுவிட்டு, மச்சான் மோட்டார் ரூமில் சாக்கு உதறிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

தோப்பு ஓரத்தில் ஒரு புற்று உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் பால் ஊற்றி மஞ்சள் பூசுவார்கள். அதன் பின்னாலிருந்து யாரோ சூடான காபியை உறிஞ்சுகிற மாதிரி சத்தம் வந்தது. எனக்குத் தராமல் மச்சான் குடிக்கிறாரே என்று எட்டிப் பார்த்தேன். கறையான் உறிஞ்சிக்கொண்டிருந்த கரடி தலையைத் தூக்கியது. முதுகெல்லாம் செம்மண் நிறம், மூக்கு மஞ்சள்.

வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் ஒருமுறை கரடியிடம் அகப்பட்ட ஒருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு கண் இருந்த இடத்தில் தோல் மட்டும் மூடியிருந்தது. கரடி முகத்தைத்தான் முதலில் பிடிக்கும் என்று சொன்னார். என் முகம் ஒன்றும் பிரமாதமில்லை. இருந்தாலும் என்னிடம் வேறு இல்லை.

“மாப்ள, இங்கிட்டு ஓடியாங்க, கதவைச் சாத்திருவோம்” என்று ரூம் வாசலிலிருந்து மச்சான் கூப்பிட்டார். ஓடியிருக்கலாம், இருபது எட்டு வைத்தால் போதும். நான் மரத்தில் ஏறினேன்.

“மாப்ள, கரடி மரம் ஏறும்.”

“இது செவலை மச்சான். ஏறாது.”

“செவலையா, மயிலையான்னு பாக்க மாட்டுச் சந்தைக்கா வந்திருக்கீய? எறங்குங்க மொதல்ல.”

அதற்குள் கரடி மரத்துக்கும் ரூமுக்கும் நடுவில் வந்துவிட்டது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து, “அசையாதீய மாப்ள” என்றார். என் கால்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கிளையே நடுங்கி, பழுத்தது இரண்டு உதிர்ந்தது. கரடிக்கு நானே விருந்து வைத்து அழைத்த மாதிரி ஆயிற்று.

அது பழத்தைத் தின்றது. பிறகு நாய் குளித்துவிட்டு உதறுமே, அதுபோல் உடம்பை உதறியது. செம்மண் புகையாகக் கிளம்பி அடங்கியது. கீழே நின்றது கன்னங்கரேல் என்று ஒரு கரடி, நெஞ்சில் வெள்ளைப் பட்டை. செவலை என்று நான் கண்டது புற்று மண், மூக்கில் இருந்தது வெள்ளிக்கிழமை மஞ்சள்.

“என்ன மாப்ள, பேச்சையே காணோம்?”

“காரி மச்சான்” என்றேன்.

அது நிமிர்ந்து மரத்தைக் கட்டிப்பிடித்தது. நகம் பட்டையில் இறங்குகிற சத்தம் என் பல்லில் கூசியது. அடுத்த பிடிக்கு அதன் மூச்சு என் பாதத்தில் சுட்டது. மேலே ஏற எனக்குக் கிளை இல்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். அதற்காக மரத்தை விட்டுவிட்டேன் என்பதே எனக்குத் தெரியாது, தொடை இரண்டும்தான் கிளையைப் பிடித்திருந்தன.

அந்த வீரக் கதையை வீட்டில் நான் ஒருவிதமாகவும் மச்சான் ஒருவிதமாகவும் சொல்லிவருகிறோம். நான் அதட்டினேன் என்பேன், அவர் கம்போடு வெளியே வந்தேன் என்பார். நடந்தது இவ்வளவுதான். கரண்ட் வந்தது. மோட்டார் தானாக ஓடியது. தொட்டியில் தண்ணீர் இடி மாதிரி விழுந்தது. கரடி இறங்கி ஓடைப் பக்கம் ஓடிவிட்டது.