பேனாவால் எழுதிய போர் விதி

என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாலைவனத்தில் ஜெயித்திருக்கிறேன், காட்டில் ஜெயித்திருக்கிறேன், பனிமலையில் மூன்று முறை ஜெயித்திருக்கிறேன். எல்லாம் லுங்கியில், மின்விசிறிக்குக் கீழே. வரைபடத்தில் அட்டைத் துண்டுகளை நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. 'அசல் போரைப் போலவே' என்று பெட்டியில் போட்டிருக்கும். விதிப்புத்தகம் எண்பது பக்கம். பீரங்கிக்கு மட்டுமே பதினோரு பக்கம். மற்றபடி என் வீரம் கடலூர் ஆபீசில் அரை நாள் லீவு கேட்பதோடு சரி.

என் மனைவியின் தம்பி ராணுவத்தில் லாரி ஓட்டினான். பதினேழு வருஷ சர்வீஸ் முடியும் நேரம். இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பதா, போதும் என்று எழுதிக் கொடுப்பதா என்பதை, லீவில் ஊருக்கு வந்திருந்தவன் திரும்பிப் போனதும் சொல்ல வேண்டும். நீட்டித்தால் மறுபடியும் பனிமலை. அவன் வந்துவிட வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை.

"ஏங்க, சிதம்பரம் பூரா போரப் பத்தி கிளாஸ் எடுக்குறீங்க. அந்த அட்டைய வெச்சி இவன பயமுறுத்தி நிறுத்தக் கூடாதா?" என்றாள்.

என் ராணுவ ஞானத்துக்கு வீட்டில் கிடைத்த முதல் மரியாதை.

ஒரே சிக்கல், என் விளையாட்டில் லாரிக்கு ஆபத்தே கிடையாது. எதிரி பக்கத்தில் வந்தால்தான் அழியும். இல்லாவிட்டால் டீக்கடைக்குப் போவதுபோல மலையேறிவிடும். மச்சான் புவனகிரியிலிருந்து வருவதற்குள் விதிப்புத்தகத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதினேன்: 'பனி ரோட்டில் ஐந்தோ ஆறோ விழுந்தால் லாரி காலி.' மூன்றில் ஒரு லாரி! எந்த ராணுவமும் அதைத் தாங்காது. எனக்கென்ன, மச்சான் பயந்தால் போதும்.

மச்சான் வந்து உட்கார்ந்தான். முதல் பகடை ஆறு. சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு ஒரு லாரியை எடுத்தேன். அடுத்தது ஐந்து. இன்னொன்று.

"பாத்தியா மச்சான், எவ்ளோ ரிஸ்க்கு?"

அவன் புத்தகத்தை வாங்கிப் புரட்டினான். "எம்பது பக்கம் இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்கான். இந்த ஒரு ரூலு மட்டும் ஏன் மாமா தமிழ்ல, பேனாவுல இருக்கு?"

"அது... புதுசா அப்டேட் பண்ணிருக்காங்க."

"உங்க கையெழுத்துலயா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆனா இந்த பொஸ்தகத்துல இது ஒண்ணுதான் மாமா நெஜம்."

அடுத்து உருட்ட எடுத்த பகடையைக் கீழே வைத்தேன்.

"ராஜஸ்தான்ல வெயிலு, அஸ்ஸாம்ல மலேரியா, மலையில ரோடு. பதினேழு வருசத்துல எதிரிய நான் கண்ணால பாத்ததே இல்ல. போன பனியில எனக்குப் பின்னாடி வந்த வண்டி சறுக்கிப் பள்ளத்துல போயிடுச்சி. கயிறு கட்டி எறங்குனது நான்தான்."

"ஓட்டுனவன்?"

தலையை மட்டும் ஆட்டினான். "உங்க ஆட்டத்துல செத்தவன எங்க வெப்பீங்க?"

"டப்பா மூடியில."

இரண்டு பேரும் மூடியைப் பார்த்தோம். இரண்டு லாரிகள் கிடந்தன.

சமையலறை வாசலில் பஜ்ஜித் தட்டோடு என் மனைவி நின்றிருந்தாள். "நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னுதானடா ஃபோன்ல சொல்லிட்டிருந்த?"

"நல்லாத்தானக்கா இருக்கேன்."

அவள் எதிரியின் முகாம் மேலேயே தட்டை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வந்துவிடு என்று சொல்லவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனைப் பயமுறுத்தச் சொன்னவள் அவள்; பயந்தவளும் அவள்தான்.

இரண்டு பஜ்ஜி தின்ற பிறகு மச்சான் சொன்னான், "போதும்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்க்கா. அழுவாத."

சொன்னபடியே வந்துவிட்டான். இதை என் ராணுவ வெற்றிகளில் ஒன்றாகத்தான் வெளியில் சொல்லி வருகிறேன். வீட்டில் சொல்வதில்லை.

இப்போது நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டுகிறான். பனிமலைக்கு வாரம் ஒரு ஃபோன் போட்டவள், இப்போது லோடு ஏற்றினால் ஒன்று, இறக்கினால் ஒன்று போடுகிறாள்.

"அக்கா, இங்க சண்டையே இல்லக்கா," என்று ஃபோனில் கெஞ்சுகிறான் அவன்.

"சண்டை இல்லடா. ஓவர்டேக் பண்ற பிரைவேட் பஸ்ஸு இருக்குல்ல? போய்ச் சேந்ததும் பேசு."