அக்கா புரட்டாமல் விட்ட பக்கம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தந்த பலர், அக்கா வாழ்நாளில் ஒரு பிழையும் விடாதவர் என்று எழுதியிருக்கிறார்கள். அது பொய். நான் கண்டியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். அலங்காரமாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா வத்தேகமவில் பிறந்தார். அப்பாவின் துணிக்கடைக்குப் பின்னால் இரண்டு அறைதான் வீடு. அவர் மூத்தவர், நான் ஆறு வயது இளையவன். கலவரத்தில் கடையும் வீடும் எரிந்தபோது அக்கா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். கொப்பி ஒன்றும் மிஞ்சவில்லை. அகதியாகப் பள்ளிக்கூடம் ஒன்றில் படுத்திருந்த நாட்களில், நினைவிலிருந்த கணக்குகளைச் சீமெந்துத் தரையில் கரியால் எழுதிப் பார்த்தார். இடத்தைக் கூட்ட வந்த அம்மாவோடு சண்டை பிடித்தார். அந்தப் பரீட்சையில் சித்தியடைந்து, கணிதத்தில் பட்டமும் பெற்று, கண்டிக்கு வெளியே ஒரு கல்லூரியில் விரிவுரையாளரானார். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பட்டப்படிப்புப் படிக்கும் கல்லூரி அது. பெயரை எழுதினால் அவர்களுக்குக் கோபம் வரும், விடுகிறேன்.

அங்கே யாருக்கும் பிடிக்காத வகுப்பு, முதலாம் ஆண்டு அடிப்படைக் கணிதம். பெரிய ஆட்கள் அதைத் தொட மாட்டார்கள். அக்கா அதைக் கேட்டு வாங்கி, இளைப்பாறும் வரை படிப்பித்தார். பெண்கள் விடுதிக்கும் உப பொறுப்பாளராக இருந்ததால் விடுதி வாசலை ஒட்டிய அறைகளில்தான் வாழ்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவார். யாரும் கொப்பியோடு வரலாம். ஏன், ஏன் என்று கேட்டே பிள்ளைகளை அழவைப்பார். பிறகு மீன் வைத்த மாலு பாண் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்வார். என்னையும் விட்டுவைத்ததில்லை. நான் குழாயைக் கண்ணால் பார்த்தே அளவு சொன்னால், எப்படித் தெரியும் என்பார். "இருபது வருசமா வெட்டுறேன்" என்றேன் ஒருமுறை. "அது பழக்கம் தம்பி, நிறுவல் இல்ல" என்றார்.

அக்கா கல்யாணம் கட்டவில்லை என்பதை மட்டுமே பேசிக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் இனி வருவதையாவது முழுதாக வாசியுங்கள்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழை ஒன்று உண்டாம். எதை நிறுவச் சொன்னோமோ அதிலிருந்தே தொடங்கி, எல்லோருக்கும் தெரிந்த ஓர் உண்மையில் போய் முடிப்பார்கள். அக்காவுக்கு அதைக் கண்டால் ஆகாது. முடிவில் ஏறி உட்கார்ந்துகொண்டு வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள் என்று வகுப்பில் ஏசுவார். விடைத்தாளில் கண்டால் ஒரே சிவப்புக் கோடு, சைபர்.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்திக்கும் அப்படித்தான் சைபர் போட்டார். அது அவளுக்கு இரண்டாம் தடவை. தவறினால் படிப்பு முடிந்தது. பெறுபேறு ஒட்டிய அன்றே அவள் பெட்டியைக் கட்டினாள். அறைச் சாவியை அக்காவிடம்தான் ஒப்படைக்க வேண்டும். கொடுக்கும்போது, அடுத்த பக்கத்தையும் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறாள். பார்த்தேன் என்று அக்கா சொல்லிவிட்டார். சாவியை ஆணியில் மாட்டிய பிறகு மனம் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து விடைத்தாளை எடுத்துப் புரட்டினார். அடுத்த பக்கத்தில் இரண்டே வரி. அந்த இரண்டு வரியால் விடை முழுதும் சரி.

திங்கட்கிழமை பரீட்சைச் சபை கூடும். மாணவியின் கையெழுத்தோடு மீள்திருத்த விண்ணப்பம் வராவிட்டால் புள்ளியில் கை வைக்க முடியாது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் தொலைபேசி ஏது? சனிக்கிழமை காலையில் அக்கா விண்ணப்பத்தோடு என் கடைக்கு வந்து வேனை எடுக்கச் சொன்னார்.

எனக்கு ஆத்திரம். பதவி உயர்வுக்கு அக்காவின் பெயர் அப்போதுதான் போயிருந்தது. பாதி வழியில், கம்பளையில் வேனை நிறுத்தித் திருப்பப் பார்த்தேன். "திருப்பினா நான் பஸ்ல போறேன்" என்றார். அப்படி என்னதான் அந்த இரண்டு வரி என்று கத்தினேன்.

"கண்டியில இருந்து நாவலப்பிட்டிக்குப் பாதை இருக்கான்னு நீ கேக்குற. ஒருத்தன் நாவலப்பிட்டியில இருந்து கண்டிக்கு வந்து காட்டுறான். அது போதாது. ஆனா வந்த பாதை எங்கயும் ஒருவழி இல்லைன்னும் காட்டிட்டா போதும்தானே? அந்தப் பிள்ளை காட்டியிருக்கு. நான் புரட்டல."

லயத்து வாசலில் மாணவியின் தகப்பனார் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. அவள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினாள்.

"நான் கேட்டேன் மிஸ். பாத்தேன்னு சொன்னீங்க."

"பாக்கல. பாத்தேன்னு சொன்னது பொய். உங்க விடை சரி. நான் போட்டதுதான் பிழை."

லயத்தின் பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

தகப்பனார் கேட்டார்: "இத அங்க உள்ள பெரியவங்க முன்னாலயும் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"அப்ப கையெழுத்து வை புள்ள" என்றார் அவர்.

திங்கட்கிழமை சபையில் அக்காவுக்கு ஒரு வழி காட்டினார்கள். புள்ளி கூட்டும்போது வந்த பிழை என்று எழுதினால் போதும், பெயர் கெடாது என்றார்கள். அக்கா மறுத்தார். அடுத்த பக்கத்தை வாசிக்கவில்லை என்றே எழுதிக் கொடுத்தார். மாணவி சித்தியடைந்தாள். அக்காவின் பதவி உயர்வு வருடக்கணக்காகக் கிடப்பில் கிடந்தது. அந்தச் சபையில் அன்று இருந்த ஒருவர் இந்த மலரிலும் புகழ்ந்து எழுதியிருக்கிறார். எழுதட்டும்.

அதற்குப் பிறகு அக்கா விடைத்தாளில் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் சிறிய கையெழுத்து வைப்பார், வெறும் பக்கமானாலும்.

சிறுநீரக வருத்தத்தில் அக்கா கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், ஒரு நாள் விடாமல் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்துக் கடை நானாவின் குடும்பத்துக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும், நாவலப்பிட்டியிலிருந்து வந்து முறை வைத்து இரவு பகலாக உடனிருந்த அந்த மாணவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவர் இப்போது நாவலப்பிட்டியில் கணித ஆசிரியை.

ஒன்று மட்டும் பாக்கி. அந்தச் சனிக்கிழமை அக்கா செய்ததுதான் சரி. திரும்பி வரும் வழி முழுக்க அவர் என் பக்கத்து ஆசனத்தில்தான் இருந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேன் ஓட்டினேன். அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.